கோயில் தெருவில் பாட்டு வகுப்பு

எங்கள் சர்க்கார் பெண்பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு என்று ஒன்று நடந்தது. நடந்தது என்று எழுதவே எனக்குக் கை கூசுகிறது. பெண்பிள்ளைகளுக்குத் தையலும் சங்கீதமும் கட்டாயம் என்று திருவனந்தபுரத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்கு மேலே மாட்டி வைத்திருந்தார். உத்தரவுக்குச் செய்த மரியாதை அத்தோடு முடிந்தது. பள்ளிக்கூடத்தில் மொத்தம் நான்கு அறைகள். ஓர் அறையில் பாடினால் அடுத்த அறையில் கணக்கு ஓடாது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். பாட்டு சாருக்கோ உச்சிக்கால பூஜைக்குக் கோயிலில் பாடுகிற வேலை இருந்தது. வெயிலில் அரை மைல் நடந்து வந்து திரும்பிப் போக அவருக்கு உடம்பு வளையவில்லை. ஆகவே வகுப்பு அவரைத் தேடிப் போனது. கோயில் தெருவில் தேர்முட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்மண்டபம். சர்க்கார் வாங்கிக் கொடுத்த சுருதிப்பெட்டியும் அங்கேயே போய்ச் சேர்ந்தது.

அந்த மண்டபத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பாட்டு இல்லை, நாற்றம். வௌவால் புழுக்கை, பழைய எண்ணெய், மண்டபத்துக்கு வெளியே குவித்துப் போட்ட பூவும் வாழையிலையும் அழுகிக் கிடக்கிற வாடை. பாட்டு சார் தூணில் சாய்ந்து கமுகம்பாளை விசிறியால் வீசிக்கொண்டு ஒரு வரி பாடுவார். நாங்கள் அதை இருபது தடவை திருப்பிப் பாட வேண்டும். ஐந்தாவது தடவையில் அவர் கண் சொக்கிவிடும். விழிக்கும்போது வெற்றிலைச் சாற்றை எட்டித் துப்புவார். அவர் துப்புகிற பக்கம்தான் படிக்கட்டு இருந்தது. படிக்கட்டில் நான் இருந்தேன். மேலே தளத்தில் ஏறி உட்கார எனக்கு அனுமதி இல்லை. என் பாவாடை விளிம்பில் காவிப் புள்ளிகள் விழும். வீட்டில் அம்மா அதைத் துவைக்கும்போது கல்லில் இரண்டு அடி கூடுதலாக அடிப்பாள். மூன்று வருஷம் அந்தப் படியில் உட்கார்ந்து சரளி வரிசை பாடினேன். இந்த மனிதரின் தொண்டைக்குள்ளா கடவுளுக்குப் பாடுகிற பாட்டு இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் எனக்குத் தோன்றும்.

படிக்கட்டிலாவது உட்கார முடிந்ததே என்று என்னைப் பார்த்து ஏங்கிய ஆறு பெண்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். தெருவின் தலைப்பில் ஒரு கல் நட்டிருந்தது. எங்கள் சாதி ஆட்கள் அந்தக் கல்லைத் தாண்டப்பிடாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க சட்டம் இருந்தது. தெருவில் நடக்க இல்லை. அப்படியானால் நான் எப்படித் தாண்டினேன் என்று கேட்கலாம். என் தாத்தா கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து ஞானஸ்நானம் வாங்கியவர். அவருடைய அண்ணன் சேரவில்லை. அந்த அண்ணனின் பேத்தி, முறைக்கு என் பெரியப்பா மகள், என் வகுப்பில் என் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே நிறம். அந்தக் கோயில் சாமியை ஒரு நாளும் கும்பிடாத நான் அந்தத் தெருவில் நடக்கலாம். விடிந்து எழுந்ததும் கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்துக் கைகூப்புகிறவள் நடக்கப்பிடாது. இந்த நியாயத்தைக் கண்டுபிடித்தவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தானோ தெரியவில்லை.

பாட்டு மணி அடித்ததும் நாங்கள் வரிசையாகக் கோயில் தெருவுக்குப் போவோம். அந்த ஆறு பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்து கைக்குட்டைக்கு ஓரம் தைப்பார்கள். ஆனால் உத்தரவில் எல்லாப் பெண்களுக்கும் சங்கீதம் என்று இருக்கிறதே. அதற்கும் வழி இருந்தது. பாட்டு வகுப்பு ஆஜர் புத்தகத்தில் அந்த ஆறு பேருக்கும் நாள் தவறாமல் ஆஜர் விழுந்தது. எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் போகாதபோது என் பேருக்கு நேரே இல்லை என்று விழுந்தது. ஒரு நாள்கூட அந்தத் தெருவை மிதிக்காத பெரியப்பா மகளுக்கு ஒரு நாள்கூட லீவு இல்லை. சார் தன் கையெழுத்தில் எழுதுவார், அம்மாள் கீழே கையெழுத்துப் போடுவார். இரண்டு பேரும் விரதம் நோன்பு தவறாதவர்கள்.

அவளுக்குக் குரல் இருந்தது. எனக்கு இல்லை. இதை நான் பணிவுக்காகச் சொல்லவில்லை. சபையில் கீர்த்தனை பாடும்போது என் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாக என்று சைகை காட்டுவார். அவ்வளவுதான் என் சங்கீதம். எங்கள் ஊரில் சபைப் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு நின்றுவிட்டதால்தான் என்னை சர்க்கார் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அப்பா அந்தச் சபைப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார். பாட்டு வராவிட்டாலும் எனக்கு ஞாபகசக்தி உண்டு, நோட்டுப் புத்தகம் உண்டு. சாயங்காலம் கால்வாய்க் கரை வழியாக வீட்டுக்கு நடக்கும்போது அன்றைக்குப் பாடமானதை அவளுக்குப் பாடிக் காட்டுவேன். அவள் முதலில் என் நோட்டைப் பார்த்துச் சிலேட்டில் எழுதிக்கொள்வாள். பிறகு பாடுவாள். நான் கல்லும் முள்ளுமாகக் கொடுத்ததை அவள் வழித்துத் துடைத்து வைத்ததுபோல் பாடும்போது, குளித்துக் கரையேறுகிற பெண்கள் தலை துவட்டுவதை நிறுத்திவிட்டு நிற்பார்கள். எனக்குப் பெருமையாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். எரிச்சல்தான் கொஞ்சம் தூக்கல்.

ஏழாம் வகுப்பில் இருக்கும்போது இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வந்தார். அவர் முன்னால் மட்டும் பாட்டு வகுப்பு பள்ளிக்கூடத்துக்குள் நடக்கும். சுருதிப்பெட்டியைப் பியூன் தலையில் தூக்கி வந்தான். சார் வெளுத்த வேட்டியில் வந்தார். ஆறு பேரும் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைக்க வேண்டும், சத்தம் வெளியே வரப்பிடாது என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. சட்டையில் பொத்தான் போட்டு வா என்பதுபோல் சொன்னார்.

பாட ஆரம்பித்தோம். முன்வரிசையில் நின்ற பெரிய வீட்டுப் பெண்களின் குரல் வெட்கத்திலேயே அமுங்கிப்போயிற்று. சார் சுருதிப்பெட்டியை எவ்வளவு அமுக்கியும் பாட்டு எழும்பவில்லை. இரண்டாவது வரியில், பின்னாலிருந்து, பெரியப்பா மகள் பாடிவிட்டாள். வேண்டுமென்று இல்லை. அவளால் வாயை அசைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மற்ற எல்லோரும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் தெரியாமல் கடைசி வரை பாடி முடித்தாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் அவளை முன்னால் அழைத்து முதுகில் தட்டினார். யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் வாய்கூசாமல், எல்லாம் எங்கள் சாருடைய உழைப்பு என்றார். சார் தலையைக் குனிந்து அந்தப் புகழை வாங்கிக்கொண்டார். ஆனால் நல்லதும் ஒன்று நடந்தது. பாட்டு டீச்சர் பயிற்சிக்குத் திருவனந்தபுரத்தில் ஆள் எடுக்கிறார்கள், விடுதியும் உபகாரச் சம்பளமும் உண்டு, ஏழாம் வகுப்பு முடிந்ததும் நாகர்கோவிலில் பரீட்சை, இந்தப் பெண்ணைக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்று இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் புத்தகத்திலேயே எழுதிவைத்துவிட்டுப் போனார். எழுதிவிட்டதால் அவர்களால் தட்ட முடியவில்லை. எழுத்துப் பரீட்சையும் உண்டு என்பதால் என்னையும் சேர்த்து அனுப்பலாம் என்று அப்பா கேட்டுக்கொண்டார்; சார் எனக்குப் பரிந்துரை எழுதிக் கொடுத்தார்.

பெரியப்பா வீட்டில் பேச்சு நேராகவே இருந்தது. குளச்சல் பக்கம் கருப்பட்டிக் கடை வைத்திருந்த சொந்தக்காரர் ஒருவர் பெண்டாட்டி செத்து இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். அவர் கேட்டு ஆள் விட்டிருந்தார். பரீட்சையில் தேறினால் மகள் திருவனந்தபுரம் போகட்டும், சர்க்கார் உத்தியோகம் பார்க்கட்டும், இல்லையென்றால் தையில் கல்யாணம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவ்வளவு இடம் கொடுத்ததே அந்தக் காலத்தில் பெரிது. அவளுக்குப் பதினைந்து வயது. அந்த மனிதருடைய மூத்த மகனுக்குப் பன்னிரண்டு.

பரீட்சைக்கு ஒரு கீதம் முழுதாகப் பாட வேண்டும். சார் அதுவரை எங்களைச் சரளி வரிசையைத் தாண்டவே விடவில்லை. இப்போது அவசரம் அவசரமாக ஒரு கீதத்தை எடுத்தார். அதில் ஒரு சங்கதி உண்டு. நாங்கள் மூன்று வருஷமாகப் பாடிப் பழகியது ஒரே ராகம். அதில் காந்தாரம் என்கிற ஸ்வரம் ஏற்றமாக இருக்கும். இந்தக் கீதம் வேறு ராகம். இதில் அதே காந்தாரத்தை இறக்கிப் பாட வேண்டும். நோட்டில் எழுதும்போது இரண்டும் ஒரே எழுத்துத்தான். காதால்தான் பிடிக்க வேண்டும். எனக்குக் காது கிடையாது. படிக்கட்டில் உட்கார்ந்து, அழுகின பூவுக்கு வந்த காக்கைகளின் சத்தத்துக்கு நடுவில், நான் பழைய காந்தாரத்தையே பாடிக்கொண்டிருந்தேன். இருபது பேர் கத்தலில் ஒருத்தி பிசகினால் யாருக்குத் தெரியும்? அதையே கால்வாய்க் கரையில் அவளுக்குக் கொடுத்தேன்.

அவள் பாடிப் பார்த்தாள், நின்றாள், மறுபடியும் பாடிப் பார்த்தாள்.

"ஏட்டி, இந்த எடம் இப்பிடித்தானா? கோயில்ல சாயங்காலம் நாகசுரம் வாசிக்கும்போ நான் கல்லுப் பக்கத்துல நின்னு கேக்கது உண்டு. இதே ராகந்தான். அதுல எறங்கித்தான் கேக்கு."

அப்போது நான் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கு சாரிடம் கேட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வருஷமாக நான் கொடுக்க அவள் வாங்கிக்கொண்டிருந்தாள்; அந்த நிலை மாறுவது எனக்குப் பிடிக்கவில்லை. கல்லுக்கு வெளியே நிற்கிறவள் எனக்குத் திருத்தம் சொல்வதா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அது என் நினைப்புத்தான், வேறு யாருடையதும் இல்லை. சாரைப் பற்றி எழுதியதை எல்லாம் என்னைப் பற்றியும் எழுதலாம்.

"நாகசுரம் வேற, பாட்டு வேற. சார் இப்பிடித்தான் பாடுனாரு. நான் பக்கத்துல இருந்துல்லா கேட்டேன்" என்றேன்.

அவள் நாகசுரத்தை விட்டுவிட்டு என்னை நம்பினாள். இரண்டு மாதம் அந்த ஏற்றக் காந்தாரத்தை இனி அசையாது என்கிற அளவுக்குப் பாடிப் பாடி உறுதியாக்கினாள்.

பரீட்சைக்கு அப்பா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். வடசேரிச் சந்தை வழியாகப் போகும்போது அவளுக்கு ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கிக் கொடுத்தார். பரீட்சை நடந்தது ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில். அங்கே யாரும் போகலாம். அப்பா வெளியே மரத்தடியில் இருந்தார். உள்ளே திருவனந்தபுரத்திலிருந்து வந்த பரீட்சைக்காரர் ஒருவர், அவர் பக்கத்தில் ஒரு குமஸ்தா. எங்கள் சார் பியூன் தலையில் சுருதிப்பெட்டியும் தன் கையில் ஆஜர் புத்தகமுமாக வந்திருந்தார். தேறுகிற பெண்களின் எண்ணிக்கை பாட்டு வாத்தியாருக்கும் பேர் வாங்கித் தருமாம்.

எழுத்துப் பரீட்சையில் நான் ஒரு புள்ளி விடாமல் எழுதினேன். பிறகு பெரியப்பா மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னைப் பாடச் சொன்னார்கள். பாடினேன் என்று சொல்வதைவிட வாயைத் திறந்தேன் என்று சொல்லலாம். சார் சுருதிப்பெட்டியை அமுக்கியபடி, தாளம் போட்டபடி, எனக்கு எடுத்துக் கொடுக்கிற பாவனையில் என் குரலுக்கு மேலே தன் குரலைப் போட்டு மூடினார். எங்கெல்லாம் நான் ஏறினேனோ அங்கெல்லாம் அவர் இறங்கியிருந்தார். கேட்டது அவர் குரல். அதைக்கூட நான் அப்போது கவனிக்கவில்லை. பரீட்சைக்காரர் தலையை ஆட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார்.

பெரியப்பா மகள் உள்ளே வந்து நின்றதும் சார் சுருதிப்பெட்டியைப் பியூனிடம் தள்ளிவிட்டு, வாய் கொப்பளிக்க வேண்டும் என்று வெளியே எழுந்து போனார். போகட்டும் என்று நினைத்தேன், அவள் குரலுக்கு அவர் துணை தேவையில்லை. அவள் தொடங்கினாள். குமஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். பரீட்சைக்காரர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். பிறகு காந்தாரம் வந்தது. அவர் கை நின்றது. அந்தக் கீதத்தில் அந்த ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் அவள் சந்தேகமே இல்லாமல், அழகாக, நான் கொடுத்தபடியே ஏற்றிப் பாடினாள். அந்த வரியை மறுபடியும் பாடச் சொன்னார். அதே மாதிரி பாடினாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் காதுக்கு விளங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து விளங்கியது.

அவர் ஆஜர் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். மூன்று வருஷம் ஒரு நாள்கூட விடாமல் வந்திருக்கிறாயே, இந்த ஒரு ஸ்வரம்கூடவா ஏறவில்லை என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே வருத்தம்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் ஒரு நாளும் கிளாசுக்குப் போனது இல்ல சாரே. அந்தத் தெருவுல எங்களுக்குப் போவப்பிடாது" என்றாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு சார் உள்ளே வந்தார். புத்தகத்தில் இருப்பது தன் கையெழுத்து என்றும், தோற்றுவிடும் பயத்தில் பெண் ஏதோ சொல்லுகிறாள் என்றும், இந்தக் கூட்டத்துப் பிள்ளைகளுக்கு இது வழக்கம்தான் என்றும் சொன்னார். குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. மூன்று வருஷத்தில் அவர் சுருதி சுத்தமாகப் பேசிக் கேட்டது அன்றைக்குத்தான். பரீட்சைக்காரர் என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. இவ வகுப்புக்கு வந்தாளா?"

என் எழுத்துத் தாள் அவர் முன்னால் மேசையில் இருந்தது. அவளுக்குப் போட்ட ஆஜர் பொய் என்றால் புத்தகமே பொய். புத்தகம் பொய் என்றால் சாரின் பரிந்துரையும் பொய், என் பரீட்சையும் போயிற்று. இதை எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்கு ஒரு நொடி பிடித்தது. கணக்கில் நான் எப்போதும் கெட்டி. வந்தாள் என்று தலையை ஆட்டினேன்.

பரீட்சைக்காரர் புத்தகத்தை மூடினார். குரல் மட்டும் போதாது, உண்மையும் வேண்டும் என்று அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். என்னிடம், ஆடி முடிந்ததும் புறப்படத் தயாராக இருக்கும்படி சொன்னார். சார் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். அந்தக் கை பட்ட இடத்தை வீட்டுக்குப் போய் சிகைக்காய் போட்டுத் தேய்த்தேன். அதனால் என்ன? அழுக்கு அங்கே இல்லையே.

திரும்பும்போது அப்பா குடையோடு முன்னால் நடந்தார். அவருக்கு நான் தேறிய சந்தோஷம், மற்றது தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்தோம். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பிடித்துத் தண்ணீரில் தள்ளுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன். தள்ளியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். தலையில் பிச்சிப்பூ வாடித் தொங்கியது. கால்வாய்க் கரை ஏறினோம். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏட்டி, அந்த எடத்தைச் சரியா எப்பிடிப் பாடணும்? ஒருக்கா பாடிக் காட்டு. தெரிஞ்சா போதும்."

பாடினேன். அவள் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள். இன்னொரு தடவை என்றாள். முடிந்த மட்டும் இறக்கிப் பாடிப் பார்த்தேன்.

"நான் அங்க பாடுனதும் இதானட்டி" என்றாள்.

தையில் அவளைக் குளச்சலுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. திருவனந்தபுரத்தில் பாட்டு டீச்சர் பயிற்சியில் இருந்தேன்.